சிவப்பு நூல் கட்டிய பூட்ஸ்

எங்கள் தொழிற்சாலை வாசலில் ரப்பர் பூட்ஸ் இரண்டு இடங்களில் இருக்கும். சுவரில் அறைந்த தட்டுகளில் இருப்பவை நிரந்தர ஊழியர்களுடையவை. ஒவ்வொரு சோடியின் குதிக்காலிலும் பெயர் எழுதியிருக்கும். கீழே பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் கிடப்பவை, தொழிற்சாலைக்கு ஆள் பிடித்துத் தரும் கொந்தராத்துக்காரர் வேனில் ஏற்றி வரும் மேன்பவர் பெண்களுக்கு. அவற்றுக்குப் பெயர் கிடையாது. முதலில் இறங்கி ஓடி வருபவருக்குக் கிழியாத சோடி கிடைக்கும். கடைசியில் வருபவர் ஒரு கால் பெரிதும் ஒரு கால் சிறிதுமாக மாட்டிக்கொண்டு போவார். அந்தத் தொட்டியில் ஒரே ஒரு சோடியின் மேல் வளையத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. அது ராத்தாவின் சோடி. கம்பனி கொடுத்த உரிமை அல்ல அது. அவருடைய வாய்க்குப் பயந்து மற்றப் பெண்கள் விட்டுக்கொடுத்தது.

மாம்புரிக்கு அப்பால், உப்புநீர்க் களப்பைப் பார்த்தபடி இருக்கும் இறால் பதப்படுத்தும் தொழிற்சாலை அது. தொழில்நுட்பக் கல்லூரியை முடித்த கையோடு, தரம் பார்க்கும் வேலைக்குச் சிலாபத்திலிருந்து நான் அங்கே போனேன். ராத்தா எத்தாளையிலிருந்து வருபவர். இறாலை அளவு வாரியாகப் பிரிக்கும் மேசை அவர் பொறுப்பில் இருந்தது. சொந்தத் தங்கைமார் அக்காவை அழைப்பது போல, வயது பாராமல் எல்லோரும் அவரை ராத்தா என்றே அழைத்தார்கள். நான் முதல் நாள் வெள்ளைக் கோட்டோடு மேசையருகே போய் நின்றபோது, கையிலிருந்த இறாலை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

"மிஸ், கொலேஜ்ல இதுக்கு மீச இருக்குண்டு படிச்சுத் தந்தாங்களா?"

மேசை முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அதன் பிறகு எங்களுக்குள் எந்தச் சிக்கலும் இருக்கவில்லை. காலையில் அன்றைய வேலையை அவரிடம் சொல்வது என் கடமை. எந்த அளவு இறால் எந்தக் கூடைக்கு, எதற்கு எவ்வளவு ஐஸ், எதை ஒதுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். நான் சொல்லி முடிக்கும்வரை கைகளைக் கட்டிக்கொண்டு நின்று கேட்பார். திரும்பிப் பார்த்தால் கூடைகள் அந்த ஒழுங்கிலேயே ஏற்கெனவே அடுக்கப்பட்டிருக்கும்.

பிரிக்கும் கைகளில் இறால் முள் குத்துவது வழக்கம். ஒருமுறை ராத்தாவின் விரல் பழுத்து, காய்ச்சலோடு வீட்டில் கிடந்தார். சுகமாகி எத்தாளைச் சந்தியில் வந்து நின்றபோது வேன் அவருக்காக நிற்கவில்லை. பிறகு கேட்டபோது, வேறொருத்தியை எடுத்தாகிவிட்டது என்றார்கள். கொந்தராத்துக்காரரின் வீடு வரை போய்ப் பேசித்தான் திரும்பவும் ஏறினார். அவர் அங்கே வேலை செய்த வருடங்களில் கொந்தராத்துக் கம்பனியின் பெயர் பலமுறை மாறியிருந்தது. ஒவ்வொரு முறையும் புது அடையாள அட்டை, புதிதாகச் சேர்ந்தவர் என்ற கணக்கு. பழைய அட்டைகளை மேசையில் பரப்பிக் காட்டி, "பேருதான் மாறுது, மொகம் என்ட மொகந்தான்" என்றார். படுத்தால் வேலை போய்விடும் என்ற பயம் இல்லாமல் ஒரு காய்ச்சலைப் படுத்துக் கழிக்க வேண்டும். அவருக்கு நிரந்தரம் என்றால் அவ்வளவுதான். மேசைப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, தாங்கள் தொழிற்சாலையின் ஊழியர்களே என்று தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தார்.

இப்படியான விசாரணையில் கேட்கப்படுபவை எவை என்று, சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருந்த எனக்குப் பெண்களின் சட்டத்தரணி விளக்கியிருந்தார். வேலைக்கு எடுத்தது யார், வேலையைச் சொல்வது யார், சரிபிழை பார்ப்பது யார், நிறுத்தக்கூடியவர் யார். இவற்றுக்கு விடை தொழிற்சாலை என்றால், கொந்தராத்துக்காரர் பெயருக்குத்தான் முதலாளி. ராத்தாவுக்கும் அவர் விளக்கியிருந்தார். ஆனால் புத்தளத்தில், விசாரணை நடந்த சிறிய அறையில், தொழிற்சாலைக் கம்பனியின் சட்டத்தரணி மிக மரியாதையாகக் கேட்டார்.

"ஒவ்வொரு வேலையையும் யாராவது பக்கத்தில் நின்று உங்களுக்குச் சொல்லித் தரவேண்டுமா, அம்மா?"

ராத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கா? எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவல்ல, சேர். வேல எனக்குத் தெரியும். மத்த புள்ளைகளுக்கு நான்தான் சொல்லிக் குடுக்குற."

அந்தச் சட்டத்தரணி நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். பெண்களின் சட்டத்தரணி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் அவர்களோடு அதே பஸ்ஸில் திரும்பினேன். பாலாவி தாண்டியதும் பின் சீட்டிலிருந்து ஒரு பெண், "இண்டக்கி மட்டும் ஒண்டும் தெரியாதவ மாதிரி இருந்திருக்கக் கூடாதா ராத்தா?" என்று கோபமாகக் கேட்டாள். அவளுக்குக் கைக்குழந்தை இருந்தது. ராத்தா யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "தெரிஞ்சத தெரியாதுண்டு எப்படிப் புள்ள சொல்ற?" என்றார்.

அடுத்த விசாரணைக்கு என்னைச் சாட்சியாக அழைத்தார்கள். கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். ஓம், தினமும் வேலையைச் சொன்னது நான்தான். ஓம், அவர் பிரித்ததைச் சோதித்தது நான்தான். ஓம், பிழை என்றால் திருப்பி அனுப்பும் அதிகாரம் எனக்கு இருந்தது, அனுப்பியும் இருக்கிறேன். எதுவும் பொய்யில்லை. ஆனால் ஒவ்வொரு 'ஓம்' சொன்னபோதும், எதிரே இருந்த ராத்தா ஒருபடி கீழே இறங்குவது போல எனக்கு இருந்தது. அவருக்கு உரிமை கிடைக்க, கை காட்டிய வேலையை மட்டும் செய்பவராக அவரை நான் அந்த அறையில் நிறுத்த வேண்டியிருந்தது. அவர் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டபடி இருந்தார்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார். ஐஸில் ஊறித் தடித்த விரல்கள். வேலையிடத்துக்கு வெளியே அவர் என்னை மிஸ் என்று கூப்பிடுவதில்லை.

"நீங்க சொன்னதெல்லாம் சரிதான் மகள். ஆனா நீங்க சொல்லி முடியுங்காட்டியும் நான் கேட்டுக்கிட்டு நிண்டது, உங்கட மரியாதைக்கி."



தீர்ப்பு பெண்களின் பக்கம் வந்தது. கம்பனி மேன்முறையீடு செய்திருக்கிறது. அது முடியும்வரை எதுவும் மாறாது என்கிறார்கள். மாறியது ஒன்றுதான். எத்தாளைச் சந்தியில் வேன் இப்போது ராத்தாவுக்காக நிற்பதில்லை. மற்றவர்களை ஏற்றுகிறது. மேலாளர் என்னோடு வேலைக்கு வேண்டியதை மட்டும் கதைக்கிறார். ராத்தாவின் வீட்டுக்கு இரண்டொரு தடவை போனேன். தேநீர் தந்தார், மேசையைப் பற்றி விசாரித்தார், வழக்கைப் பற்றிக் கேட்கவில்லை. கடைசியாகப் போனபோது காய்ச்சலோடு படுத்திருந்தார். "இப்ப எவ்வளவு நாளும் படுக்கலாம்" என்று சிரித்தார்.

சிவப்பு நூல் கட்டிய பூட்ஸை இப்போது ஒரு புதுப் பெண் போடுகிறாள். அவளுக்கு அது பெரிது. முன்பக்கத்தில் துணி அடைத்திருக்கிறாள். நூலைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலும், அவிழ்க்கவும் இல்லை. காலையில் மேசையருகே வந்து நின்று, "மிஸ், இண்டக்கி என்ன?" என்று கேட்கிறாள். எந்தக் கூடைக்கு எந்த அளவு என்று நான் சொல்லத் தொடங்குகிறேன். முன்பெல்லாம் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்வேன். இப்போது அவள் பெயரைக் கூப்பிட்டு, நிரந்தர ஊழியர்களுக்கும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் மேலாளருக்கும் கேட்கும்படி உரத்துச் சொல்கிறேன். நாளைக்கு ஒரு விசாரணையில் இவளுக்கும் சாட்சி வேண்டியிருக்கும்.