டாக்டரம்மா ஒட்டக் கறக்க விடாத சீம்பால்

வருஷக் கணக்கு வைக்கத் தெரியாதவன் நான். எங்கள் மலைக்கு செல்போன் டவர் வந்து, அடுத்து வந்த மழையில் ரோடு அறுத்துக்கொண்டு பஸ்ஸும் நின்றுபோனதே, அந்த வருஷம்தான் மாட்டு டாக்டரம்மா ரேவதி முதன்முதலாக எங்கள் கொட்டகைக்கு வந்தார். போன வாரம் அவர் இறந்த செய்தியும் அந்த டவர் வழியாகத்தான் வந்தது. கேட்டதும் அழத்தான் நினைத்தேன், சிரிப்பு முந்திக்கொண்டது. அவரை அறிந்தவர்கள் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

எங்களுக்கு இருந்தது ஒரே கறவை, செவலை. அதை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. நாலாம் ஈற்றில் அது கன்று போட்டதும் என் மனைவி காளியம்மா மடியை ஒட்டக் கறந்து, ஊர் வழக்கப்படி வீட்டுக்கு வீடு சீம்பால் கொடுத்தாள். மறுநாள் காலை செவலை எழவில்லை. கழுத்தை விலாப்பக்கம் மடக்கிக் கிடந்தது. காது சில்லிட்டிருந்தது. போன் போட்டதும் அடிவாரத்திலிருந்து டாக்டரம்மா நடந்தே ஏறி வந்தார்.

"பால் காய்ச்சல்" என்றார்.

"ஒடம்பு ஐஸா கெடக்குது, காய்ச்சல்ன்றீங்களே?" என்றாள் காளியம்மா.

"பேரு வெச்சவன் மாட்டத் தொட்டுப் பாக்கலக்கா. ரத்தத்துல இருந்த சுண்ணாம்புச் சத்து பாலோட போய்டுச்சு."

வெந்நீரில் சூடாக்கிய கால்சியம் பாட்டிலை என்னை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, கழுத்து நரம்பில் ஊசி ஏற்றினார். மாட்டின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டபடியே சொன்னார்: "வேகமா எறங்குனா நெஞ்சு நின்னு பூடும். மெதுவாத்தான் போவணும். பாட்டிலு ஆடுது பெரியவரே, உங்க கல்யாணக் கதையச் சொல்லுங்க."

"நான் இவள வேணாம்னுதான்…"

"பொய்யி டாக்டரம்மா! எங்க வூட்டாண்ட தெனம் வந்து நின்னது இந்த ஆளுதான்!"

எங்கள் சண்டை முடிவதற்குள் பாட்டில் முடிந்தது. செவலை உடம்பைச் சிலிர்த்து ஏப்பம் விட்டது, சாணி போட்டது, தள்ளாடி எழுந்து என் காலை மிதித்தது. டாக்டரம்மா கைதட்டினார்: "மிதிக்குது! பொழச்சிக்கிச்சு!"

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு சின்னபாப்பா சீம்பாலுக்குச் சொம்போடு வந்தாள். டாக்டரம்மா மறித்தார்: "மூணு நாளைக்கு ஒட்டக் கறக்கக் கூடாது. கன்னு குடிக்கட்டும், மிச்சம் மடியிலயே கெடக்கட்டும். சீம்பாலு துன்னாம ஊரு சாவாது."

"மாடு உன்னுதா?"

"பாட்டிலு என்னுதுக்கா!"

அதிலிருந்து எங்கள் கொட்டகையில் எந்த மாடும் அப்படிப் படுக்கவில்லை. கறக்கும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்று என் கைக்குத் தெரியும். டாக்டரம்மா எனக்கு விட்டுப்போனது அதுதான்.

செய்தி வந்த அன்று செவலையின் பேத்தி கன்று போட்டிருந்தது. சொம்போடு வந்தவளுக்கு அரை டம்ளர் சீம்பால் கொடுத்தேன். "செத்தும் என் சொம்ப ரொப்ப வுடல அந்தம்மா" என்று வாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள், செவலை பிழைத்த அன்று கொட்டகையில் நின்றவர்களில் என்னைத் தவிர உயிரோடிருக்கும் ஒரே ஆள், சின்னபாப்பா.