இடப்பக்கம் முறுக்கிய புகைபோக்கி

எங்கள் கல்லூரிக் கூரையில் செங்கல்லாலேயே முறுக்கிக் கட்டிய இரண்டு புகைபோக்கிகள் நிற்கின்றன. வலப்பக்கம் முறுக்கியதற்கு நானூறு வயது. இடப்பக்கம் முறுக்கியதோ, புயலில் விழுந்ததைக் கொத்தனார் வில்ஃப் ஹேலாக் பழைய செங்கல்லையே பொறுக்கி மறுபடி கட்டியது. மாதிரிக்கு இருந்த பழைய புகைப்படக் கண்ணாடித் தகடு முன்பின்னாகத் திரும்பியிருந்ததால் முறுக்கும் திரும்பிவிட்டது. முப்பது வருடமாக இது வில்ஃபுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

வில்ஃப் ஓய்வுபெற ஒன்பது நாள் இருக்கையில் பழங்கட்டட ஆய்வாளர் மிஸ் பாம்ஃப்ரெட் சாரம் ஏறி வந்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். வில்ஃப் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"ரெண்டும் ஒரே பக்கம்தான் முறுக்கியிருக்கணும். ஒண்ணு தப்பு."

"இருக்கும், மிஸ்."

பாசி படிந்த இடப்பக்க முறுக்கை அவர் தட்டிப் பார்த்தார். "இதுதான் அசல். அதை இடிச்சுட்டு இதே மாதிரி கட்டுங்க."

"வாயத் தொறக்காதய்யா, பென்ஷன் போயிரும்," என்று வில்ஃபின் காதில் சீறினேன்.

வில்ஃப் தொப்பியைக் கழற்றினார். "இதுல மேல இருந்து மூணாவது வரிசையில கொத்தனார் பேரு கீறியிருக்கும். படிங்க, மிஸ்."

மிஸ் பாம்ஃப்ரெட் பாசியைச் சுரண்டினார். வில்ஃப் ஹேலாக் என்று இருந்தது. அதற்குக் கீழே, அந்தத் தகட்டைத் திருப்பிப் பிடித்துக் காட்டிய என் பெயரும் இருந்தது.