துரை சொன்னதில் பாதி

பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருஷம், எங்கள் துரை ஊருக்குக் கிளம்பும்போது தன் இரண்டு குள்ள நாய்களையும் எங்களிடம் விட்டுப்போனார். பெட்டை, சமையல்காரனான எனக்கு. ஆண் நாய், டிரைவர் அந்தோணிக்கு. இரண்டுக்கும் உடம்பெல்லாம் சாம்பல் திட்டு. துரை வெகுநேரம் பேசினார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. "நல்லா பாத்துக்கச் சொல்றாரு" என்று அந்தோணி ஒரே வரியில் முடித்தான்.

அடுத்த வருஷம் அவன்தான் ஆசை காட்டினான். "ரெண்டையும் சேத்தா வெள்ளைக் குட்டி வரும். ஊர்ல யாருகிட்டயும் அது இல்ல." நானும் மயங்கினேன். பிறந்த நான்கில் ஒன்று பால் வெள்ளை.

தீபாவளியன்று சரவெடிக்கு மற்ற குட்டிகள் கட்டிலுக்கடியில் ஒளிந்தன. வெள்ளைக்குட்டி மட்டும் முற்றத்து நடுவில் தூங்கியது. காதருகே தட்டைத் தட்டினேன், அசையவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு முத்தியால்பேட்டையில் அந்தோணி வீட்டுக்கு ஓடினேன்.

"திட்டு போட்ட ரெண்டையும் சேக்காதீங்க, வெள்ளைக் குட்டி வரும், அது செவிடாப் பொறக்கும்னு தொரை அன்னிக்கே சொன்னாரு" என்றான் சாதாரணமாக. "சொல்லியிருந்தா நீ ஒத்துக்கிட்டிருப்பியா?"

நிறத்துக்கு ஆசைப்பட்டது என் தப்புதான். ஆனால் இவனை அதுவரை கூடப்பிறந்தவனாக நினைத்திருந்தேன்.

குட்டியை யாருக்கும் கொடுக்கவில்லை. தரையைக் காலால் தட்டினால் ஓடிவரும். அந்தோணி வாசலில் நின்று கூப்பிட்டால் மட்டும், அதோடு சேர்ந்து நானும் திரும்பிப் பார்ப்பதில்லை.