நிரந்தர முகவரி: ராயபுரம்

உங்கள் வீட்டு முகவரியை எத்தனை பேரிடம் மாற்றிச் சொல்லியிருக்கிறீர்கள்? நான் எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். காலேஜ் முதல் நாள், பக்கத்தில் உட்கார்ந்தவள் "எந்த ஏரியா?" என்றதும் "பாரிஸ் கார்னர் பக்கம்" என்றேன். படிக்கும்போதே போன முதல் நேர்காணலில் "மாதவரம்". ராயபுரம் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு நொடி ஏதோ ஓடும். அடுத்த கேள்வி மீன் வாசனையைப் பற்றியோ ரவுடிகளைப் பற்றியோ இருக்கும். அந்தக் கேள்வியைத் தவிர்க்க எங்கள் குடும்பம் முழுவதும் சேர்ந்து ஒரு முகவரி வைத்திருந்தது. மாதவரம் பால் காலனியில் சித்தி வீடு. வேலைக்கு, காலேஜுக்கு, கல்யாண பயோடேட்டாவுக்கு எல்லாம் அதுதான். எங்கள் தெருவில் பாதிப் பேரிடம் இப்படி ஒரு சித்தி வீடு உண்டு.

அண்ணன் மட்டும் இந்த ஆட்டத்துக்கு வரமாட்டான். ஐ.டி.ஐ. படித்துவிட்டு எண்ணூர் பட்டறைகளில் வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தவன், அங்கிருந்து சரக்குக் கப்பலில் ஃபிட்டராகப் போனான். என்ஜின் அறையில் எந்தக் குழாய் ஒழுகினாலும் எந்த வால்வு இறுகினாலும் முதலில் அவனைத்தான் தேடுவார்கள். பாஸ்போர்ட்டிலும், கப்பல்காரர்கள் சிடிசி என்று சொல்லும் மாலுமிப் புத்தகத்திலும் ராயபுரம் முகவரியையே கொடுத்தான். சித்தி வீட்டைப் போடச் சொன்ன அம்மாவிடம் சண்டைக்கே போய்விட்டான்.

"நான் செத்தா பொட்டிய மாதவரத்துலயா எறக்குவாங்க? வூடு இங்க கீது, அட்ரஸு மட்டும் அங்கியா?"

அம்மா அவன் வாயிலேயே ஒன்று போட்டாள். ஆனால் முகவரி மாறவில்லை.

அவனுடைய ஒன்பது மாத ஒப்பந்தம் முடிகிற நேரத்தில்தான் கொரோனா வந்து உலகம் கதவைச் சாத்தியது. கப்பல்கள் நிற்கவில்லை. நிலக்கரியும் கோதுமையும் இரும்பும் நாடு நாடாகப் போய்க்கொண்டுதான் இருந்தன. சரக்கு இறங்கலாம், ஆள் இறங்கக் கூடாது. அந்த வருடம் எல்லா நாட்டுச் சட்டத்தையும் இந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம்.

பதினோராவது மாதம் அண்ணனுக்குக் கடைவாய்ப்பல் வீங்கியது. முதல் துறைமுகத்தில், முந்தைய நாட்டை விட்டுப் பதினான்கு நாள் ஆகவில்லை, இறங்காதே என்றார்கள். இரண்டாவதில் பதினான்கு நாள் ஆகியிருந்தது. ஆனால் இந்தியர்களுக்குக் கரையிறங்கும் அனுமதியை அந்த வாரம்தான் நிறுத்தியிருந்தார்கள். மூன்றாவதில் பல் டாக்டரைக் கப்பலுக்கே அனுப்புகிறோம் என்றார்கள். கப்பல் கிளம்பும்வரை யாரும் வரவில்லை. கப்பலில் இருந்த மாத்திரையும் தீர்ந்து, உப்புத் தண்ணீரும் சமையல்காரர் கொடுத்த கிராம்பும்தான் வைத்தியம் என்றானது. வீடியோவில் பார்த்தபோது இடது கன்னம் பன் மாதிரி இருந்தது.

"இன்னாண்ணா, ஒரு பக்கம் மட்டும் பணக்காரனாட்டம் கீற?" என்றேன்.

"சிரிக்க வெக்காத காலேஜு. உசுரு பூடும்." வீட்டில் முதலில் டிகிரி படிக்கப் போனவள் என்பதால் எனக்கு அவன் வைத்த பெயர் காலேஜு.

பதினான்காவது மாதத்தில் ஒரு காலை வேளையில் அவனிடமிருந்து சாதாரண போன் கால் வந்தது. வாட்ஸ்அப் இல்லை, நிஜமான கால்.

"தே, நம்ம டவர் கெட்சிடுச்சு! எண்ணூருக்கு வெளிய நங்கூரம் போட்டுகினு நிக்கிறோம். அம்மாவ மாடிக்கு இட்டுகினு போ."

அம்மா சிவப்புப் போர்வையை எடுத்துக்கொண்டு எங்கள் ஹவுசிங் போர்டு ப்ளாக்கின் மொட்டைமாடிக்கு ஓடினாள். அங்கிருந்து பார்த்தால் கடலில் கப்பல்கள் வரிசையாக நிற்கும். நீலப் புகைக்குழாய் வைத்த ஒன்றைப் பார்த்துப் போர்வையை ஆட்டு ஆட்டு என்று ஆட்டினாள். நான் அதைச் சொன்னதும் போனில் அண்ணன் கத்தினான்.

"யம்மா, அது எண்ணெய்க் கப்பல்! நான் வடக்கால கீறேன், அங்கேர்ந்து தெரியாது!"

"இருக்கட்டும் நைனா. அதுலயும் யாரோ ஒருத்தி பெத்த புள்ள தான கீது" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து ஆட்டினாள்.

அடுத்து கப்பல் ஏஜென்ட் அலுவலகம். கப்பலுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் நடுவே காகித வேலை பார்ப்பவர்கள் இவர்கள். அங்கிருந்த கிளார்க் போனில் விதிகளை ஒப்பித்தார். கப்பலிலேயே டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் வரவேண்டும். வீட்டில் பதினான்கு நாள் தனியாக இருக்கத் தனி அறை, தனிக் கழிவறை வேண்டும். அந்த முகவரியை மாநகராட்சி பார்த்து ஒப்புதல் தரவேண்டும். திங்கட்கிழமை கப்பல் துறைக்குள் வரும், வெள்ளிக்கிழமை விடியும் முன் கிளம்பிவிடும்.

"கிளம்பிட்டா?" என்று கேட்டேன்.

"அடுத்த சரக்க ஏத்திக்கினு எங்க போவுதுன்னு உங்க அண்ணன் சொல்லலையா மேடம்? சரக்கு அனுப்புற நாட்டுக்கும் வாங்குற நாட்டுக்கும் தகராறு. அங்க ஏற்கனவே கப்பலுங்க மாசக்கணக்குல நிக்கிது. சரக்கையும் எறக்க உடல, ஆளையும் எறக்க உடல. அதுல நம்ம பசங்களே நெறைய பேர் மாட்டிக்கினு கீறாங்க."

அண்ணன் எங்களிடம் அதைச் சொல்லவே இல்லை. வீங்கிய பல்லோடு இங்கேயே இறங்க வேண்டும், இல்லையென்றால் எப்போது இறங்குவான் என்று யாருக்கும் தெரியாது.

ஃபாரத்தை நிரப்பியது நான். எங்கள் தெருவின் இரண்டு முனையிலும் அப்போது கொரோனாத் தடுப்பாகத் தகரம் அடித்திருந்தார்கள். தினமும் டிவியில் தொற்றுப் பட்டியல் வாசிக்கும்போது ராயபுரம் முதலில் வந்தது. ஊரே எங்களைப் பார்த்து ஒதுங்கிய நாட்கள். இந்த முகவரியை எழுதினால் எவன் ஒப்புதல் தருவான்? புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டு, கை பழகிய வேகத்தில் திங்கட்கிழமையே சித்தி வீட்டை எழுதி அனுப்பினேன். மாதவரம், பால் காலனி. யாரிடமும் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை கிளார்க் கூப்பிட்டார்.

"மேடம், சிடிசில ஒரு அட்ரஸு, ஃபார்ம்ல ஒரு அட்ரஸு. ரெண்டுத்துக்கும் சம்பந்தமே இல்ல. திருப்பி அனுப்பிட்டாங்க. மாதவரத்துல போய் விசாரிச்சும் பாத்திருக்காங்க. ராயபுரத்து ஆளு எங்க தெருவுக்கு வேணாம்னு அங்க சொல்லிட்டாங்களாம்."

நான் ஒளிந்துகொள்ள வைத்திருந்த தெரு, எங்களை உள்ளே விடாது என்று சொல்லிவிட்டது. இரண்டு நாள் போயிற்று. அண்ணனிடம் சொன்னேன். திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"மூணு நாட்டுக்காரன் என்னிய உள்ள உடல. அவனுக்கு நான் யாருன்னு தெரியாது, சரி. நீயுமாடி என் வூட்ட மாத்தி எழுதுவ?"

போனை வைத்துவிட்டேன். அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அழுதுகொண்டிருந்த நேரத்தில்தான் ஜுரம் பார்க்கிற அக்கா வந்தார். மாநகராட்சி வேலைக்குப் புளியந்தோப்பிலிருந்து தினமும் வருபவர். வெயிலில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, நெற்றியில் கருவியைக் காட்டி, நோட்டில் எழுதிக்கொண்டு போவார். என் முகத்தைப் பார்த்ததும் கருவியை இறக்கினார். நடந்ததைச் சொன்னேன்.

"படிச்ச பொண்ணுதான நீ? இத்தினி நாளா இந்தத் தெருவுல நான் இன்னா கோலமா போட்டுகினு கீறேன்?" நோட்டைத் திறந்து என் முன்னால் பிடித்தார். எங்கள் கதவு எண், ஒவ்வொரு நாளும், ஒவ்வொருவர் சூடும். "பாரு. ரெண்டு வாரத்துக்கு மேல ஆவுது, இந்தத் தெருவுல ஒருத்தருக்கும் ஜொரம் இல்ல. தகரத்த எடுக்கச் சொல்லி எழுதியாச்சு. இம்மாம் சுத்தமான அட்ரஸ வெச்சிகினு ஏம்மா பொய் அட்ரஸு குடுக்கற?"

ஃபாரத்தைப் போனில் திறந்து அவரிடம் காட்டினேன்.

"தனி ரூமு கீதா?" என்று கேட்டார். எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு சமையலறை. கேள்வி ஜன்னல் வழியாகக் கீழே போயிருக்க வேண்டும். கீழே மளிகைக்கடை வைத்திருந்த அண்ணாச்சி வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கடைக்குப் பின்னால் கழிவறையோடு ஓர் அறையில் சரக்கு அடுக்கியிருந்தார்.

"எம்மா, என் ரூம்ப எடுத்துக்க. மிளகா மூட்டைய மட்டும் நகத்திரணும். பல்லுவலிக்காரன் தும்முனாம்னா தாடையே கழண்டுரும்லா."

"மூட்டைய எங்க அண்ணாச்சி வெப்பீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"அல்லார் வூட்லயும் ஒண்ணு ஒண்ணு" என்று மூன்றாவது மாடியிலிருந்து யாரோ கத்தினார்கள்.

அப்படியே நடந்தது. ஒரு மணி நேரத்தில் அறை காலி. மாஸ்க் போட்டுக்கொண்டு, படிக்கட்டில் இடைவெளி விட்டு, கைமாற்றிக் கைமாற்றி மூட்டைகள் மேலே ஏறின. எங்கள் ஹாலில் புளி. பக்கத்து வீட்டில் துவரம்பருப்பு. மிளகாயை மட்டும் யாரும் கேட்கவில்லை, கடைசியில் அது மொட்டைமாடிக்குப் போயிற்று. வேலைக்கு மனு போட்டால் ஒதுக்கப்படுகிற முகவரி, டிவியில் தினமும் பயம் காட்டுகிற முகவரி, தான் பார்த்தறியாத ஒரு கப்பலுக்காக இடம் ஒதுக்கியது. நான் இந்த இடத்தையா இத்தனை வருடம் மறைத்தேன் என்று படிக்கட்டில் நின்று யோசித்தேன். பின்னால் இருந்த பையன் "யக்கா, மூட்டைய வாங்கு, அப்பால பீல் பண்ணு" என்றான்.

அக்கா தன் நோட்டோடு வார்டு அலுவலகத்துக்கு நடந்தே போனார். வியாழக்கிழமை காலை சுகாதார ஆய்வாளர் தகரத்தின் இடுக்கு வழியாக உள்ளே வந்தார். அறையைப் பார்த்தார், கழிவறைக் குழாயைத் திருப்பினார்.

"தண்ணி எப்பவும் வருமா?"

"எப்பவும் வராது சார். அதுக்குத்தான் ரெண்டு டிரம் ரொப்பி வெச்சிக்கீறோம்" என்றாள் அம்மா. பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

இந்த முறை ஃபாரத்தை நிறுத்தி நிதானமாக எழுதினேன். கதவு எண், ப்ளாக், தெரு, ராயபுரம். மதியத்துக்குள் அனுப்பினேன். டெஸ்ட் நெகட்டிவ் என்று கிளார்க் சொன்னார். அதற்குப் பிறகு எங்களால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை. அம்மா சோறு பொங்கி, மிக்ஸியில் அரைத்துக் கஞ்சியாக்கி வைத்தாள்.

வெயில் சாயும் நேரத்தில் தெருமுனையில் வேன் நின்றது. வெள்ளை உடுப்பில் தலை முதல் கால் வரை மூடிய ஓர் உருவம் இறங்கியது. யாரென்று தெரியவில்லை. அது ஒரு கையில் பையையும், இன்னொரு கையில் உயர்த்திப் பிடித்த சிடிசியையும் வைத்துக்கொண்டு தகரத்தின் இடுக்கில் நுழைந்தது. எல்லா பால்கனியிலும் ஆட்கள். முதல் விசில் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அப்புறம் தட்டு, கரண்டி, தகரக் கதவு எல்லாம் சேர்ந்து அடித்தன. அதுவரை அந்தத் தெருவில் கேட்ட பெரிய சத்தம் ஆம்புலன்ஸ்தான்.

"நைனா!" என்று அம்மா மேலிருந்து கத்தினாள். கிட்டே போகக் கூடாது. போர்வையை ஆட்டினாள்.

அவன் எங்கள் ப்ளாக்கின் கீழே வந்து நின்று என்னை அண்ணாந்து பார்த்தான்.

"இன்னா காலேஜு, அட்ரஸு கரெக்டா?"

"கரெக்டுண்ணா" என்றேன். அவன் சிரிக்க முயன்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டான்.

பதினைந்தாவது நாள் டோல்கேட் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் பல்லைப் பிடுங்கினார்கள். அந்தப் பதினான்கு நாளும் புளி வாசனையில் படுத்துத் தூங்கினோம், யாரும் முணுமுணுக்கவில்லை. அவன் விட்டுவந்த கப்பல் அந்தத் தகராறு நாட்டுக்கு வெளியே போய் நங்கூரம் போட்டு, வருடம் திரும்பும்வரை நின்றது.

டிகிரி முடித்ததும் நான் பாரிஸ் கார்னரில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் சேர்ந்தேன். ஆட்களைக் கப்பலில் ஏற்றுவதும் இறக்குவதும் என் மேசை வேலை. நேர்காணலில் "எங்கிருந்து வர்றீங்க?" என்று கேட்டார்கள். "ராயபுரம்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. கொரோனா விதிகள் போய்விட்டன. இப்போது சண்டைகள். எந்தக் கடலில் ஏவுகணை பறக்கிறது, எந்த நாடு யாருடைய விசாவை நிறுத்தியது என்பதைக் காலையில் டீ குடிக்கும் முன் பார்த்துவிடுகிறேன். அண்ணனின் இப்போதைய கப்பல் நேர்வழியை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஃபாரங்கள் வரும்போது முதலில் முகவரிக் கட்டத்தைத்தான் பார்க்கிறேன். சிடிசியில் வியாசர்பாடி என்றிருக்கும் பையன் எவனாவது ஃபாரத்தில் அண்ணா நகர் என்று எழுதியிருந்தால் போன் போட்டு, "உன் வூடு எங்கப்பா?" என்று கேட்கிறேன்.

மணி பத்து இருபது. எண்ணூருக்கு வெளியே ஒரு கப்பல் நிற்கிறது. அதிலிருந்து ஒன்பது பேர் இறங்க வேண்டும், எட்டு பேருக்குத்தான் அனுமதி வந்திருக்கிறது. ஒன்பதாவது ஃபாரத்தின் முகவரிக் கட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனை எடுக்கிறேன்.