உருவாமல் விட்ட பின்

லேத் பட்டறையில் அவனுக்குத் தீப்பெட்டி என்று பட்டப்பெயர். உரசினால் போதும். மேஸ்திரியின் சட்டையைப் பிடித்து உலுக்கியதற்கு ஒருமுறை, காவலாளியின் பல்லைத் தட்டியதற்கு ஒருமுறை என்று வேலையே இரண்டு தரம் போய்த் திரும்பியிருக்கிறது. வீட்டிலும் அந்தக் கை சும்மா இருந்ததில்லை. போன வருஷம் மனைவியின் காது மடலைக் கிழித்தான். அவள் அழவில்லை.

"இன்னொரு தடவை யார் மேலயாவது கை ஓங்கினீங்கன்னா நான் போயிட்டே இருப்பேன்" என்றாள்.

சொன்னால் செய்கிறவள். பத்து மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டான். மகாத்மா ஆகிவிட்டதாக நினைப்பு வேறு.

அந்தப் பத்து மாதத்தில் பாதியை அவனுடைய பழைய கார் தின்றது. எஞ்சினைக் கழற்றி, கார் ஷெட்டில் போர்வை விரித்துப் பரப்பி, திரும்பப் பூட்டினான். ஞாயிறுதோறும் மனைவியின் தம்பி வந்து கூட நின்றான். சர்வீஸ் ஸ்டேஷன் மெக்கானிக். பூனைக்கும் வழிவிடுகிற சாது, வேலையில் மட்டும் படுகெட்டி. எஞ்சினுக்குள் பல்சக்கரங்களை ஒன்றாகச் சுற்றவைக்கும் டைமிங் செயினை அவன்தான் மாட்டினான். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை, "எனக்குத் தெரியாததா" என்று தீப்பெட்டியே வாங்கி மாட்டினான்.

சாவியைத் திருப்பியதும் எஞ்சினுக்கு உயிர் வந்தது. கூடவே தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கிய சத்தம். அணைத்து, முன்மூடியைக் கழற்றினார்கள். செயினில் வண்ணம் பூசிய கண்ணிகள் மூன்று உண்டு. மாட்டும்போது அவை பல்சக்கரக் குறிகளுக்கு நேராக நிற்க வேண்டும். இப்போது ஒன்றும் நேரில் இல்லை.

"என்னடா மாட்டிக் கிழிச்சிருக்கே?"

"இல்ல மாமா, சுத்தினா கலர் கண்ணி தள்ளித்தான் போகும். அது மாட்டறப்ப பாக்கறதுக்கு மட்டும்தான். நீங்க அந்த டென்ஷனரை..."

"எனக்கே பாடம் நடத்துறியா?"

கையில் பெரிய ஸ்பேனர் இருந்தது. எஞ்சின்மேல் ஊன்றியிருந்த தம்பியின் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது. அதோடு விட்டிருக்கலாம், பாவி. தோளில் ஒன்று போட்டான். விழுந்தவனை விலாவில் உதைத்தான். போர்வையெல்லாம் ரத்தம்.

மனைவி ஓடிவந்தாள். தம்பியின் கையைத் துண்டில் சுற்றித் தூக்கி நிறுத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டியை எடுத்தார்.

"செயினைத் தப்பா மாட்டினது அவன்தான்" என்றான் தீப்பெட்டி. அவள் தம்பியோடு வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

அதை நிரூபித்தே தீருவது என்று எஞ்சினைக் கையால் சுற்றினான். பல்சக்கரக் குறிகள் தத்தம் இடத்துக்கு மயிரிழை பிசகாமல் நேராக வந்து நின்றன. தம்பி மாட்டிய செயின் சரிதான். பிறகுதான் டென்ஷனரைப் பார்த்தான். மாட்டும்வரை அது விரியாமல் இருக்க ஒரு மெல்லிய பின் குத்தியிருப்பார்கள். மாட்டியதும் உருவிவிட வேண்டும். பின் குத்தியபடியே இருந்தது. உருவினான். டக்கென்று செயின் இறுகியது. மூடியைப் பூட்டிச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் சத்தமில்லாமல் ஓடியது.

ஓடுகிற வண்டியின் பக்கத்தில் நின்றே மனைவிக்குப் போன் போட்டான்.

"தப்பு என்மேலதான். வண்டி ஓடுது. இப்பவே வந்து உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு..."

"வேணாங்க" என்றாள். "என் துணியை மட்டும் ஒரு பையில போட்டு வாசல்ல வைங்க. ஆள் வரும்."