பின்னால் நின்று கூப்பிட்டவர்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு வாதாட எனக்குத் தெம்பு இல்லை. இதைச் சொல்வதால் எனக்குத் தொழில் கெடுமே தவிர வேறு பலன் கிடையாது. ஆனால் நடந்தது நடந்ததுதான். என் மச்சானைக் கேட்டாலும் இதையேதான் சொல்வான். அவன் இதைப் பற்றி வாயைத் திறந்தால்.

நடுராத்திரி, நாய் ஊளை என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் கண் சொக்குமே, அந்த நேரத்தில் நடந்தது.

கார்களுக்கு ஒயரிங் பார்ப்பது என் வேலை. ஸ்பீக்கர், ஹாரன், ரிவர்ஸ் கேமரா எல்லாம் மாட்டுவேன். துணைக்கு மச்சான், என் மனைவியின் தம்பி. ஒல்லியாக, எல்லா நிலைப்படியிலும் தலை இடிக்கிற உயரத்தில் இருப்பான். அதனால் வீட்டிலும் வெளியிலும் அவன் பெயர் ஒட்டடைக்குச்சி.

எங்களுக்குக் குழந்தை பிறந்திருந்த சமயம். ராத்திரி முழுக்க அழுகை. பாதி ராத்திரி மனைவி, பாதி ராத்திரி நான் என்று தோளில் போட்டுக்கொண்டு நடப்போம். அன்று காலை பல் தேய்க்கும் பிரஷ்ஷில் ஷேவிங் கிரீமைப் பிதுக்கியிருக்கிறேன். வாயில் வைத்த பிறகுதான் தெரிந்தது. அந்த லட்சணத்தில்தான் வேலைக்கு வந்தேன்.

மருந்துக்கடை அக்கா தன் காரைக் கொண்டுவந்து விட்டார்.

"கேமராக்குள்ள தண்ணி போயிடுச்சு போல தம்பி. எல்லாமே பனிமூட்டமா தெரியுது. பின்னாடி யானை நின்னாகூட தெரியாது. சாயங்காலத்துக்குள்ள மாத்திக் குடுத்துடுங்க."

ஷெட்டை அப்போதுதான் வாடகைக்குப் பிடித்திருந்தோம். தகரக் கூரை. முன்னால் ஷட்டர், பின்னால் வெள்ளையடித்த சுவர், அவ்வளவுதான். எந்தக் காரையும் மூக்கு உள்ளே, வால் வெளியே என்றுதான் நிறுத்துவோம். வாசல் வெளிச்சத்தில் வேலை பார்க்கத் தோதாக இருக்கும். அன்று செம மழை. வாசலில் சாரல் அடித்தது. வேலையோ காரின் பின்பக்கம். அதனால் அந்த ஷெட்டில் முதல் தடவையாக ஒரு காரை ரிவர்ஸில் உள்ளே விட்டேன்.

பழைய கேமரா அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஸ்கிரீனில் வெள்ளைப் புகை மட்டும். அந்தப் புகைக்குள் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது... மேலும் கீழுமாக. கண்ணைத் தேய்த்துக்கொண்டேன். தூக்கம், வேறென்ன?

பழையதைக் கழற்றினோம். புதியதை நம்பர் பிளேட்டுக்கு மேலே பொருத்தி, ஒயரை ரிவர்ஸ் லைட்டோடு சேர்த்தோம். அதன் பிறகு ஒரு வேலை இருக்கிறது. ஸ்கிரீனில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கோடுகள் வருமல்லவா? சிவப்பு என்றால் இதற்கு மேல் வராதே என்று அர்த்தம். காரைச் சுவருக்குக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோய் அந்தக் கோடு சரியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

"பின்னாடி நின்னு கை காட்டுடா," என்றேன்.

"சரி மாமா."

சீட்டில் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து ரிவர்ஸ் கியர் போட்டேன். படம் பளிச்சென்று வந்தது. பின்னால் ஆள் நின்று, இரண்டு கையையும் ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

வா... வா...

கிளட்ச்சை மெல்ல விட்டேன். கார் நகர்ந்தது. கூரையில் மழை ஆயிரம் பேர் ஆணி அடிப்பது போலக் கொட்டிக்கொண்டிருந்தது. வேறு எந்தச் சத்தமும் காதில் விழவில்லை.

வா... வா... வா...

பச்சைக் கோடு தாண்டியது. மஞ்சள் கோடு வந்தது. அவன் கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

அப்போதுதான் உறைத்தது. மச்சான் இவ்வளவு குள்ளம் இல்லையே?

மச்சான் போட்டிருந்தது கறுப்பு பனியன். இது காக்கிச் சட்டை.

அப்புறம் இன்னொன்று. அந்த ஆளுக்குப் பின்னால் சுவர் இல்லை. வெள்ளைச் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் தரை நீளமாக உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ஓரத்தில் மூட்டைகள் அடுக்கியிருந்தன.

பின்னால் பார்க்கும் கண்ணாடியைப் பார்த்தேன். சுவர் இருந்தது. ஸ்கிரீனைப் பார்த்தேன். இல்லை.

பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று மூளைக்குத் தெரிகிறது. கால் கேட்கவில்லை. தூக்கம் கெட்ட உடம்பு. இடது கால்தான் கிளட்ச்சிலிருந்து வழுக்கியது. கார் ஒரு குலுக்கு குலுக்கி ஆஃப் ஆனது.

அப்போதுதான் அந்த அலறல் கேட்டது.

"மாமா! மாமா! நிறுத்து!"

இறங்கி ஓடினேன். மச்சான் சுவரில் முதுகை ஒட்டிக் குந்தியிருந்தான். பம்பர் அவன் முட்டியை அழுத்திக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு சாண் வந்திருந்தால்... அதை இப்போதும் முழுசாக நினைக்க முடியவில்லை. காரை முன்னால் தள்ளி அவனை இழுத்தேன். முட்டி சிராய்த்திருந்தது. எலும்புக்கு ஒன்றும் இல்லை.

"காது செவிடா மாமா? தரையில சாக்பீஸ்ல கோடு போட்டுட்டு இருக்கேன், நீபாட்டுக்கு வர்ற! எத்தனை தடவை கத்துறது?"

"நீதானேடா வா வான்னு கூப்பிட்ட?"

"நானா? நான் இன்னும் எழுந்திரிக்கவே இல்லையே!"

அவனைக் கூட்டிப்போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தேன். சாவியைத் திருப்பினேன். எஞ்சினை ஸ்டார்ட் செய்யவில்லை. ரிவர்ஸில் மட்டும் போட்டேன்.

அந்த ஆள் அங்கேயே நின்றார்.

"யாரு மாமா அது?" மச்சான் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

அவர் கூப்பிடுவதை நிறுத்தினார். கைகள் மெதுவாகக் கீழே இறங்கின. தலையைக் குனிந்து, மச்சான் குந்தியிருந்த இடத்தைப் பார்த்தார். சரியாக அந்த இடத்தை. ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு நடக்க ஆரம்பித்தார்... எங்களை நோக்கி.

முகம் தெரியவில்லை. நெஞ்சுதான் தெரிந்தது.

காக்கிச் சட்டை ஸ்கிரீனை அடைத்தது.

ஸ்கிரீன் இருண்டது.

தட்... தட்...

காரின் பின்பக்கத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. லாரியைத் தட்டி "ரைட்" சொல்வார்களே, அந்த மாதிரி.

கண்ணாடியில் வெள்ளைச் சுவர் மட்டும் இருந்தது.

நாங்கள் எப்படி வெளியே வந்தோம் என்று தெரியாது. தெருவில் நின்று நனைந்தோம். மச்சான் என் சட்டையைப் பிடித்த கையை விடவே இல்லை. மழை ஓய்ந்த பிறகு, சொன்ன நேரத்துக்குக் காரைக் கொடுத்தாக வேண்டுமே என்று நான் மட்டும் உள்ளே போனேன். ஸ்கிரீன் மேல் அழுக்குத் துணியைப் போட்டு மூடிவிட்டு முன்னால் ஓட்டி வந்தேன்.

அக்காவிடம் காரைக் கொடுத்தேன். அவர் ரிவர்ஸ் எடுத்துப் பார்த்தார்.

"அருமையா தெரியுதே! பூனை மீசைகூட தெரியும் போல," என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவருக்கு இன்றுவரை அந்தக் கேமராவில் ஒரு தொந்தரவும் இல்லை.

காரில் ஒன்றும் இல்லை என்றால்...

அந்த வாரமே சாமான்களைக் கட்டினோம். சாவியைத் திருப்பிக் கொடுக்க ஷெட்டின் ஓனர் வீட்டுக்குப் போனேன். வயதானவர். நான் எதுவும் சொல்லவில்லை. அவராகவே என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ரிவர்ஸ்ல விட்டியா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். உட்காரச் சொன்னார்.

"முன்னாடி அது மூட்டை குடோன்பா. இப்ப இருக்கிறதைவிட ரெண்டு மடங்கு நீளம். லாரிங்க ரிவர்ஸ்லதான் வரும். ஒருநாள் மூட்டை தூக்குற ஆள் ஒருத்தன் கீழ குனிஞ்சு கோணி தச்சுட்டு இருந்தான். லாரி வந்து அவன் மேல ஏறிடுச்சு. ஆள் அங்கேயே போயிட்டான். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் எந்த வண்டியும் போகக் கூடாதுன்னு நடுவுல சுவர் எழுப்பிட்டேன்."

"காக்கிச் சட்டை போட்டிருந்தானா... அந்த மூட்டை தூக்குற ஆள்?" என்று கேட்டேன்.

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"காக்கி போட்டவரு வேற. லாரிக்குக் கை காட்டுறதுக்குன்னே ஒரு பெரியவர் இருந்தாரு. லாரி ஓட்டுன பையன் கடைசி வரைக்கும் ஒரே பேச்சுதான் பேசினான். 'அந்தக் காக்கிச் சட்டை பெரியவர் பின்னாடி நின்னு வா வான்னு கூப்பிட்டாரு, அதான் வந்தேன்'னு. யாரும் அவனை நம்பல."

"ஏன்?"

"அந்தப் பெரியவரை அன்னிக்குக் காலையிலதான் நாங்க எல்லாரும் சேர்ந்து அடக்கம் பண்ணிட்டு வந்திருந்தோம்."