பேசாலைப் புழுக்களுக்கு ஒரு சாப்பாட்டுப் பொதி

காலை ஆறரைக்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறும்போதே எனக்கு எரிச்சல். சித்தியின் மகன் சுதன் பேசாலையில் ஏதோ ஒரு சுற்றாடல் திட்டத்தில் வேலை பார்க்கிறான். வரும்போது புது ரெஜிபோம் அட்டை, அதுதான் பெட்டிக்குள் பொருள் உடையாமல் வைக்கும் வெள்ளைப் பிளாஸ்ரிக் நுரை அட்டை, இரண்டு வாங்கி வரச் சொல்லியிருந்தான். ஒவ்வொன்றும் கதவளவு. நடத்துனர் அதற்கும் ரிக்கற் எடுக்கச் சொன்னார், எடுத்துத் தொலைத்தேன். சங்குப்பிட்டிப் பாலத்தில் காற்று யன்னலால் புகுந்து அட்டையைத் தூக்கி, முன்னால் இருந்தவரின் பிடரியில் அடித்தது. அவர் இலுப்பைக்கடவையில் இறங்கும்வரை திரும்பித் திரும்பி முறைத்தார்.

மன்னாரில் பஸ் மாறிப் பேசாலை போய்ச் சேர பதினொரு மணி. சுதன் நேரே கடற்கரைக்குக் கூட்டிப்போனான். கருவாடு காயவைக்கும் பிலோமினா அக்காவின் வாடிக் கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் புழுக்கள் நெளிந்தன. மேலே பெரிய பலகை: 'பிளாஸ்ரிக் உண்ணும் புழுக்கள்'. பலகையைச் சுற்றி ஆளுயரத்துக்குக் குப்பை. உடைந்த மீன்பெட்டி, மிதவை, சோற்றுப்பெட்டி, போத்தல். புழு தின்னுமென்று ஊரே கொண்டுவந்து கொட்டுகிறதாம். காற்றடித்தால் வெள்ளைத் துகள் பறந்து கருவாட்டில் ஒட்டுகிறது. கடைசியாக வந்த யாவாரி அதைப் பார்த்துவிட்டு வாங்காமலே போய்விட்டாராம். அக்காவுக்கு வேறு வருமானம் கிடையாது. காயப்போட வேறு இடமும் கிடையாது.

ஒரு நாளைக்கு எவ்வளவு தின்னும் என்று சுதனைக் கேட்டேன். விரல் நகத்தைக் காட்டினான். அதுவும் இந்தக் குப்பையில் வாய் வைக்காதாம்; உப்புத்தண்ணீரில் ஊறியதாம். பார்க்க வருகிற பெரிய ஆட்களுக்கு முன்னால் புழு பட்டினி கிடக்கலாமா? அதற்குத்தான் புது அட்டை. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. குப்பை தின்ன வந்த புழுவுக்குக் கடையில் சாப்பாடு. அதைச் சுமந்து வந்த விசரன் நான்.

அக்கா தேத்தண்ணீர் தந்தார். குப்பையை எரிக்கவா என்று எத்தனையோ தரம் கேட்டுவிட்டாராம். புகை கூடாது என்கிறானாம் சுதன். அள்ள வண்டி கேட்டால், அது தன் வேலையில்லை என்கிறானாம். நான் அவனோடு சண்டைக்குப் போனேன்.

"பொறுங்கோ அண்ணை. அடுத்த கட்டத்திலை புழுவின்ரை தொகையைக் கூட்டுவம்" என்றான்.

அடுத்த கட்டமாம்! புழுவுக்கு இவனையே தின்னக் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

அக்கா எழும்பினார். பலகையைப் பிடுங்கி மணலில் கவிழ்த்தார். பெட்டியைத் தூக்கி வந்து என் கையில் வைத்தார்.

"தம்பி, இதை நீங்கள் கொண்டு போங்கோ. இது இங்கை இருக்குமட்டும் சனம் கொட்டிக்கொண்டுதான் இருக்கும்."

சுதன் வாயைத் திறந்தான். அக்கா ஒரு பார்வை பார்த்தார், மூடிக்கொண்டான்.

பின்னேரப் பஸ்ஸில் புழுப்பெட்டியோடு இருந்தேன். பக்கத்துச் சீற்றில் ஒருவரும் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் என் மனைவி பெட்டியைக் கண்டதும் என்னை வீட்டுக்குள் விடவே யோசித்தாள். அதற்கும் சுதனைத்தான் திட்டினேன்.

சில நாள் கழித்து அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். குப்பை போய்விட்டதா என்று அவசரமாகக் கேட்டேன்.

"இல்லைத் தம்பி, அப்பிடியேதான் கிடக்குது. ஆனால் இப்ப ஒருத்தரும் கொண்டுவந்து கொட்டுறேல்லை, குப்பை கூடேல்லை."